மூன்றாவது சுற்று

பாளையங்கோட்டை காலை நடையோர் சங்கத்தைச் சேர்ந்த பதினான்கு பேர் இங்கிலாந்துக்கு நடக்கப் போன அந்த மே மாதத்தில், நடையின் இரண்டாம் நாள் மதியம், யார்க்‌ஷயர் பக்கத்து மேட்டுவயல் ஒன்றில், கல்சுவருக்குக் கீழே காற்று படாமல் எல்லோரும் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டியைப் புளிக்காய்ச்சலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, செத்துப் பதினோரு மாதமான சிதம்பரதாணு, சுவரில் பதித்திருந்த படிக்கல்லில் கால் வைத்து ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்து கூட்டத்தோடு உட்கார்ந்தார். வழிகாட்டியாக வந்த ரூத் என்ற எழுபது வயது வெள்ளைக்கார அம்மாள் விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள், பதினைந்து வந்தது, மறுபடி எண்ணினாள், மறுபடியும் பதினைந்தே வந்தது, சரி என்று பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பாதை வழுக்குமே, வெறும் செருப்போடயா வந்தீய?" என்று கேட்டார் சங்கச் செயலாளர் பாலகங்காதரன். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் முறைப்படி விசாரிப்பவர்.

"வழுக்கல," என்றார் தாணு.

முப்பத்தாறு வருஷம் அவருக்குப் பெண்டாட்டியாக இருந்த வடிவாம்பிகைக்கு, ஊரெல்லாம் வடிவு என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு, கடித்த ரொட்டி வாயிலேயே நின்றுவிட்டது. பயமில்லை, ஆச்சரியம்கூட இல்லை, நெஞ்சு நிறைந்துபோய் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். அவர் வராமல் வேறு யார் வருவார், இந்தப் பயணமே அவர் எனக்கென்று வைத்துவிட்டுப் போனதல்லவா என்று அவள் நினைத்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியா. வாசக்கதவப் பூட்டுனியா?"

"பூட்டியாச்சு. சாவி எதுத்த வீட்டுல இருக்கு," என்றாள் வடிவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். இங்கிலாந்து நடைக்குச் சங்கத்தில் பெயர் எழுதத் தொடங்கிய முதல் நாளே தாணு இரண்டு இடம் பதிந்துவிட்டார், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த மாதமே ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாலகங்காதரன் வந்து, "மைனி, அண்ணாச்சி ரெண்டு இடம் பதிஞ்சி வச்சிருக்காவ, நீங்க கட்டாயம் வரணும்," என்று சொன்னபோது வடிவு சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். தாலுகா நில அளவையராக வேலை பார்த்த காலத்திலிருந்து மாவட்டத்தின் ஒவ்வொரு வயல் வரப்பிலும் நடந்த மனுஷன், அவளைத் திருச்செந்தூருக்கு ஒருதரம் கூட்டிப் போனதோடு சரி. அப்படிப்பட்டவர் கடல் தாண்டிக் கூட்டிப்போக நினைத்திருக்கிறார் என்பதை அவள் சிங்கப்பூரிலிருக்கும் மகனிடம் சொன்னாள், கீரைக்காரியிடம் சொன்னாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நிறுத்தி வைத்துச் சொன்னாள், சங்கத்துப் பெண்களிடம் எத்தனை தடவை சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் அவர்கள் தலையாட்டினார்கள். துக்கம் தாங்காத நாட்களில் அந்த இரண்டாவது இடத்தை நினைத்துத்தான் அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆக, வந்தவரை என்ன செய்வது என்று சங்கம் அன்று சாயங்காலமே கூடியது. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் நனைந்த காலணிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, குரங்குக் குல்லாயைக்கூடக் கழற்றாமல், தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து மூன்று தீர்மானங்கள் போட்டார்கள். அங்கே எப்படி இருக்கிறது என்று அண்ணாச்சியிடம் யாரும் கேட்கக்கூடாது என்பது முதலாவது. ஊருக்குப் போன் செய்து பிள்ளைகளைக் கலவரப்படுத்தக்கூடாது என்பது இரண்டாவது. இறப்பினால் முடிந்துபோன அவருடைய உறுப்பினர் தகுதியை நடை முடியும்வரை தற்காலிகமாகப் புதுப்பிப்பது மூன்றாவது, அதற்கு முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் முறைப்படி கையெழுத்துப் போட்டார்கள். வருஷத்திதி இன்னும் வரவில்லை, அதுவரை அவர் எங்கேயும் உலாவலாம், அதில் குற்றமில்லை என்று ஒருவர் சொன்னார். விசா இல்லாமல் வந்திருக்கிறாரே என்று ஒருவர் இழுத்தபோது, வயல்வழியாக வருகிறவர்களிடம் இந்த ஊரில் யாரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை என்றும், போன வருஷம் வந்த கூட்டத்தில் ஒருவருடைய அம்மா இப்படித்தான் மூன்றாம் நாள் சேர்ந்துகொண்டாள் என்றும், ரொம்ப நல்ல மாதிரி, வழியெல்லாம் பூப் பறித்துக்கொண்டே வந்தாள் என்றும் ரூத் சொன்னாள்.

தாணு விடுதிக்குள் வரவில்லை, தோட்டத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். விடுதிக்கார அம்மாள் அவருக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுபோய் வைத்தாள். அதில் தேநீர் குறையவில்லை, ஆவி மட்டும் அவர் பக்கமாகச் சாய்ந்து போய்க் குறைந்தது. காலையில் பெஞ்சு முழுக்கப் பனி ஈரம் இருக்க, அவர் இருந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது, அந்த இடத்தில் பாலகங்காதரனின் மனைவி கனகவல்லி துவைத்த கைக்குட்டைகளைக் காயப்போட்டாள். சங்கத்தின் பழைய தேர்தல் தகராறு ஒன்றை அவரை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஆடுகள் அவருக்கு மட்டும் சொல்லாமலே வழிவிட்டன என்பதால் மேய்ச்சல் நிலம் வந்தால் அவரை முன்னால் விட்டார்கள். அவர் ஒவ்வொரு கல்சுவரையும் கண்ணால் அளந்து, "இது எல்லைக்கல்லுப்படி இல்ல, ரெண்டடி உள்ள வந்திருக்கு," என்று சொல்ல, அதைப் பாலகங்காதரன் இங்கிலீஷில் சொல்ல, ரூத் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் அவர் செத்தவர் என்பதே பேச்சில் இல்லாமல் போயிற்று.

வடிவு மட்டும் கூட்டத்தின் பின்னால், சேலையைக் கணுக்கால் தெரியத் தூக்கிச் செருகி, மேலே மழைக்கோட்டும் கீழே மகன் வாங்கி அனுப்பிய பூட்ஸுமாக நடந்துகொண்டு, எப்போது அவர் தன்னிடம் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் போவது அவளுக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டை மைதானத்தில் சங்கத்து நடை எப்போதும் அப்படித்தான், ஆண்கள் முன்னால் வீசி வீசி நடப்பார்கள், பெண்கள் பின்னால் பேசிக்கொண்டு வருவார்கள், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பத்தடி இடைவெளி இருப்பதுதான் மரியாதை என்று யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் நடந்தார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் தாணுவுக்கு அந்தப் பத்தடி உண்டு. முப்பத்தாறு வருஷத்தில் அவருடைய பிடரியை அவள் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்ததில்லை.

அன்று மதியத்துக்கு மேல், ஆற்றோரமாகப் போன புல்பாதையில், அவர் மெதுவாக ஆனார். ஆண்கள் முன்னால் போகப் போக அவர் பின்தங்கி, பின்தங்கி, பெண்கள் கூட்டத்தில் ஒருத்தியான திரிபுரம் வரும்வரை நின்று, அவள் வந்ததும் அவளுக்குப் பக்கத்தில், தோளுக்குத் தோளாக, அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடந்தார்.

திரிபுரம் யாரோ எவளோ இல்லை. வடிவுக்கு அடுத்த தெருக்காரி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், புருஷனை இழந்து இருபது வருஷமாகிறது, வடிவை மைனி என்றும் தாணுவை அண்ணாச்சி என்றும் கூப்பிடுகிறவள், இந்தப் பயணத்தில் வடிவுக்கு அறைத்தோழி. காலை எட்டு மணிக்குப் பால்செம்போடு வந்து, "மைனி, ஒங்க கைக்கு மட்டும் இட்லி எப்படித்தான் இப்படி வருதோ," என்று நாலு இட்லி தின்றுவிட்டுப் போவாள். பாவம், தனிக்கட்டை என்று வடிவு அவளுக்கு ரசத்தையும் கொடுத்து அனுப்புவாள்.

அவளுக்குக் காலில் கொப்புளம், அதனால்தான் அவர் கூட நடக்கிறார் என்று வடிவு தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு சுவர் குறுக்கிட்டபோது தாணு முதலில் ஏறி இறங்கி, திரும்பி நின்று, கையை நீட்டினார். திரிபுரம் அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள். பின்னால் வந்துகொண்டிருந்த ஐந்து பெண்களும் அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கத் திரும்பினார்கள். அங்கே ஆட்டுக்குட்டி ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் காலை வடிவு ஒரு முடிவோடு கிளம்பினாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து வேகமாக நடந்து, முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்த புருஷனின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்த அந்தக் கணமே அவருடைய கால்கள் வேகம் பிடித்தன. அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேண்டுமென்று செய்ததாகவும் தெரியவில்லை, கால்கள் தாமாக அளந்து பத்தடி போன பிறகு பழைய நடைக்கு வந்தன. அவள் மறுபடி ஓடிப் பிடித்தாள், மறுபடியும் பத்தடி. மூன்றாம் தடவை அவள் ஓடவில்லை, பாதை நடுவில் நின்றுவிட்டாள்.

நின்றபடி அவள் கூட்டத்தைப் பார்த்தாள். தாணு பின்தங்கித் திரிபுரத்தோடு சேர்ந்ததும், முன்னால் போகிற ஆண்கள் இரண்டு பங்கு சத்தமாகத் தாமிரபரணித் தண்ணீர் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், பின்னால் வருகிற பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினார்கள், அந்த இருவருக்கும் முன்னும் பின்னும் இருபது இருபது அடி வெற்றிடம் தானாக உண்டாயிற்று, பாதை வளையும்போது அதுவும் வளைந்து கூடவே போயிற்று. யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை, ஒருவர்கூடத் தடுமாறவில்லை. இது நேற்றைக்கு இன்றைக்குப் பழகியதில்லை என்று வடிவுக்கு அப்போது புரிந்தது. செத்தவர் சுவரேறி வந்ததற்கு ஏன் ஒருவரும் திடுக்கிடவில்லை என்று அவர் வந்த அன்று அவள் யோசிக்கவில்லை, இவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்திருந்தாள்.

மதியம் ஒரு வயலின் மரக்கதவு ஓரம் கனகவல்லியைப் பிடித்தாள்.

"கனகு, ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லணும். அவிய ரெண்டு பேரும் எத்தன வருஷமா இப்படி நடக்காவ?"

கனகவல்லி கதவின் கொக்கியைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"மைனி, ஊர்ல நீங்க ரெண்டு சுத்து முடிச்சதும் இட்லி ஊத்தணும்னு வீட்டுக்குப் போயிருவீய. அண்ணாச்சி மூணாவது சுத்து போவாவ."

"தெரியும். டாக்டர் சொன்னதுல்லா அது."

"மூணாவது சுத்து தனியாப் போகமாட்டாவ."

"எத்தன வருஷமா?"

"மைதானத்துல புதுசா நடபாதை போட்டாங்கல்லா, அப்பத்துலருந்து. ஒம்பது வருஷம் இருக்கும். வேற ஒண்ணுமே கிடையாது மைனி, சாமி சத்தியமா. சும்மா பேசிக்கிட்டு நடப்பாவ, சிரிப்பாவ, அவ்வளவுதான்."

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்தான் அவளைக் கொன்றது. வேறு ஏதாவது இருந்திருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றலாம், மகனைக் கூப்பிட்டுச் சொல்லலாம், நாலு பேர் நியாயம் கேட்பார்கள். பேசிக்கொண்டு நடந்தார்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? உப்பு கூடிப்போச்சு, கதவைப் பூட்டு, குடையை எடு என்பதற்கு மேல் அவளிடம் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசாத வாய், ஒன்பது வருஷமாக ஒருத்தியிடம் தினமும் ஒரு சுற்று முழுக்கப் பேசியிருக்கிறது. அவர் சிரித்தால் எப்படிச் சத்தம் வரும் என்று நினைத்துப் பார்த்தாள், அவளுக்கு நினைவு வரவில்லை. அவள் அங்கே மாவைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தை இந்தப் பன்னிரண்டு பேரும் காவல் காத்திருக்கிறார்கள். காத்துவிட்டு அவள் வீட்டுக் கிருத்திகைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே கனகு."

"நீங்க சந்தோஷமா இருந்தீய மைனி. எப்படிச் சொல்ல?"

வடிவுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் கையில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, அதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். நடந்தது நடந்ததாக இருக்கட்டும், கடல் தாண்டிப் போக இடம் பதியும்போது அவருக்குப் பெண்டாட்டிதானே ஞாபகம் வந்தாள். அதைப் பற்றி மட்டும் அவள் கனகவல்லியிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, ஒரு சின்ன ஊரின் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பாதை முடிந்தது. வெயில் அன்றைக்குத்தான் ஒழுங்காக அடித்தது. பேருந்து தயாராக நிற்க, எல்லோரும் மண்ணைத் தட்டிப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ரூத் நடுவில் வந்து நின்று, இப்படி வந்து சேர்கிறவர்களால் பேருந்தில் ஏற முடியாது என்றும், அவருடைய ஆள் ஒருவர் எதிர் மேட்டில் தெரியும் ஒற்றை மரம் வரைக்கும் அவரோடு கூட நடந்து விட்டுவிட்டு வந்தால் அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றும், போகவர அரைமணி நேரம்தான் என்றும், பேருந்து காத்திருக்கும் என்றும் சொன்னாள். யாரும் போகாவிட்டால் அவர் இங்கேயே இருந்துவிடுவார், அதிலும் பாதகமில்லை என்றாள். சொல்லிவிட்டு, ஓட்டலில் மறந்துபோன குடையைத் தூக்கிக் காட்டிக் கேட்கிறவளைப் போலச் சாதாரணமாக, இவர் யாருடையவர் என்று கேட்டாள்.

பாலகங்காதரன் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேள்வி எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பன்னிரண்டு தலைகளும் திரிபுரத்தின் பக்கம் திரும்பின. ஒரு நொடிதான், உடனே எல்லாம் பதறிக்கொண்டு வடிவின் பக்கம் திரும்பின, ஆனால் அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் நேராகப் புருஷனிடம் போய் நின்றாள். இந்தத் தடவை அவர் நகரவில்லை, பாதைதான் முடிந்துவிட்டதே.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ரெண்டு இடம் பதிஞ்சீயளே, அந்த ரெண்டாவது இடம் யாருக்கு?"

செத்தவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு அவசியமும் இல்லை. தாணு கொஞ்சமும் தயங்காமல், யாராவது சர்வே நம்பர் கேட்டால் சொல்லுகிற குரலில் சொன்னார்.

"திரிபுரத்துக்கு. நீ இங்க வந்து என்ன செய்யப்போற, ஒனக்கு மூட்டுவலில்லா. நடக்க முடியாதே."

நாற்பது மைல் நடந்து வந்த காலோடு வடிவு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பாலகங்காதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணாச்சி இடம் காலியா இருந்துது மைனி. நீங்க மனசு விட்டுப் போயிருந்தீய. அதான், அதுல உங்க பேரப் போட்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அப்படியானால் அவள் ஐந்து நாளாக நடந்தது செத்துப்போனவரின் இடத்தில். அவளுக்கென்று அங்கே ஒரு இடமும் இருந்ததில்லை. பதினோரு மாதமாக யாருக்காக அழுதேன், எதை வைத்துக்கொண்டு எழுந்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

"திரிபுரம், நீ போய் விட்டுட்டு வா," என்றாள்.

திரிபுரம் இரண்டடி பின்னால் போனாள். "நானா? எனக்கென்ன மைனி முறை இருக்கு? நான் அண்ணாச்சின்னுதான கூப்பிட்டிருக்கேன். ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாவ? நீங்க இருக்கையில நான் போறது நல்லாவா இருக்கும்?"

தாணு அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகம் சுருங்கியதை வடிவு பார்த்தாள், பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள், சந்தோஷம் வரவில்லை.

"முறைப்படி பாத்தா மைனி, நீங்கதான்..." என்றார் பாலகங்காதரன்.

எல்லோரும் காத்திருந்தார்கள். பேசிச் சிரித்து நடக்க ஒருத்தி, கொண்டுபோய் விட ஒருத்தி என்று அவர்கள் எப்போதோ பங்கு பிரித்து வைத்துவிட்டார்கள், அதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. வடிவின் கால்கூட ஓர் அடி எடுத்து வைத்தது. முப்பத்தாறு வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போகாது. அவள் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முறைப்படி நான் ஒருதரம் அனுப்பி வச்சாச்சு அண்ணே. பதினாறு நாளும் ஒரு குறை வைக்கல," என்றாள்.

பிறகு யாருடைய உதவியும் இல்லாமல், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அடுத்த கூட்டம் எப்போது இந்தப் பாதையில் வரும் என்று ரூத்திடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றாள் ரூத், டென்மார்க்கிலிருந்து பதினெட்டுப் பேர். வடிவு திரும்பி, வேட்டி காற்றில் அடித்துக்கொள்ள நின்றுகொண்டிருந்த தன் புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் வருதாம்," என்றாள். "அதுல யாராவது பேசிக்கிட்டு வருவாவ. அவியளோட நடங்க."

சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பேருந்தில் ஏறினாள்.